லிஃப்ட் கிட் போட்ட ஜிம்னி: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்டை, அதாவது புது ஸ்பிரிங், புது ஷாக் எல்லாம் மாட்டி, வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுக்கிறோம். நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. முதல் வேகத்தடையிலேயே அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பைபாஸில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நேராக நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் கழித்து, வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். கிட் விற்றவரைக் கேட்டால் பொருத்தியது சரியில்லை என்பார். பொருத்தியவரைக் கேட்டால் கிட்டே சரியில்லை என்பார்.

ஐந்து கதவு மாருதி சுஸுகி ஜிம்னியில் 50 மி.மீ. லிஃப்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நண்பர்களின் வண்டிகளுக்கு அடியிலும் நிறையப் படுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை பாகமே கெட்டுப்போய் வருவது குறைவு. வண்டியை உயர்த்தும்போது மாறிப்போகும் கோணங்களை அப்படியே விட்டுவிடுவதும், போல்ட்டுகளை முறுக்கக் கூடாத நிலையில் முறுக்கிவிடுவதும்தான் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம். அதனால் அடுத்த ஷாக்கை ஆர்டர் செய்வதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

வண்டியின் அமைப்பை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டான ஆக்ஸில். ஒவ்வொரு ஆக்ஸிலையும் இரண்டு நீளமான ஆர்ம்கள் முன்பின் நகராமல் பிடிக்கின்றன. குறுக்கே போகும் லேட்டரல் ராடு (பான்ஹார்ட் ராடு என்றும் சொல்வார்கள்) பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. ஆக்ஸில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த மூன்று கம்பிகள்தான். 50 மி.மீ. உயர்த்தினால் மூன்றின் சாய்வும் மாறுகிறது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

எதற்கும் முன்னால் அரை மணி நேரம்

சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வீட்டு போர்டிகோ பெரும்பாலும் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியதுதான், அதை நம்ப வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் கிடைத்தால் நான்கு சக்கரத்தடியையும் பார்த்துவிடலாம். டயர் காற்றைக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்கிறபடி வையுங்கள். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி நிறுத்திவிட்டு, சக்கர மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். அப்படி அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும்.

அடுத்து, கிட் போட்டபோது கழற்றிய ஒவ்வொரு நட்டிலும் வெள்ளை மார்க்கரால் நட்டு, போல்ட், பிராக்கெட் மூன்றையும் தொட்டபடி ஒரே கோடு போடுங்கள். பத்து நாள் கழித்துக் கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு மார்க்கர். ஆனால் இது கண்டுபிடித்துக் கொடுத்த சத்தங்கள் ஏராளம்.

இரண்டு விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சத்தம் நின்றுவிட்டால், எதனால் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: குலுக்கல் அதிகம், கட்டை வண்டி போல இருக்கிறது

பெரும்பாலோர் சொல்லும் முதல் புகார் இதுதான். உடனே ஷாக்கைத்தான் குறை சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது புஷ்களை.

ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலும் பொருள் அல்ல. உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு இறுகி நின்றுவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். பட்டறையில் வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்போது வேலை நடக்கிறது. அதே நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பரின் 'சும்மா இருக்கும் நிலை' தொங்கும் நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து எல்லாப் புஷ்களும் முறுக்கிக்கொண்டே நிற்கும். அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். வண்டி கடினமாக ஓடும், உயரமும் சில மி.மீ. கூடுதலாகக் காட்டும், சில மாதங்களில் ரப்பர் கிழியும்.

என் வண்டியில் இதேதான் நடந்தது. பொருத்திய இடத்தில் எல்லாவற்றையும் லிஃப்டிலேயே இறுக்கியிருந்தார்கள். சூலூர்ப் பக்கம் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் அடியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, எல்லாத்தயும் லூஸ் பண்ணு. வண்டிய தரையில எறக்கி நாலு அமுக்கு அமுக்கு. அப்புறம் முறுக்கு" என்றார். ஆர்ம்களின் போல்ட்டை முதலில் தளர்த்தியபோது 'டப்' என்று ஒரு சத்தத்தோடு குழல் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். தேங்கிக் கிடந்த முறுக்கு அது. நான்கு ஆர்ம், இரண்டு லேட்டரல் ராடு, அத்தனையையும் சக்கரம் தரையில் இருக்கும்போது, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கியதும், அன்று மாலையே அதே சாலையில் வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது. ஒரு ரூபாய்க்குக்கூடப் பாகம் வாங்கவில்லை.

புஷ் சரியாக இருந்தும் குலுக்கல் போகவில்லையா? அடுத்தது ஸ்பிரிங்கின் எடைக் கணக்கு. லிஃப்ட் ஸ்பிரிங்குகள் 'கூடுதல் எடை இல்லை', 'பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) உண்டு' என்று தரம் பிரித்து வரும். எதிர்காலத்தில் வின்ச் போடலாம் என்று நினைத்துக் கனமான ஸ்பிரிங்கை வாங்கிவிட்டு, முன்னால் வெறும் பிளாஸ்டிக் பம்பரோடு ஓட்டுகிறவர்கள் நிறைய. ஐந்து கதவு ஜிம்னியே சுமார் 1,200 கிலோதான். அறுபது கிலோ வித்தியாசம் இதில் நன்றாகவே தெரியும். ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கிறது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். கழித்தால் பின் ஆக்ஸில் எடை வந்துவிடும். பத்து கிலோ முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. 'அதிகச் சுமை இல்லை' என்று வாயால் சொல்வதைவிட இந்தச் சீட்டைக் காட்டி ஸ்பிரிங் கேட்பது நல்லது.

மூன்றாவது, பம்ப் ஸ்டாப், அதாவது ஆக்ஸில் மேலே ஏறும்போது கடைசியில் முட்டி நிற்கும் ரப்பர் கட்டை. ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, உடலை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டு (ரப்பர் உறை இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு) வழக்கமான சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது. சாதாரணக் குழிக்கே கடைசி வரை போயிருந்தால் ஸ்பிரிங் மெலிது, அல்லது ஷாக் அடக்கவில்லை. பாதிகூடப் போகாமல் முதுகு வலிக்கிறதென்றால் ஸ்பிரிங் கனம்.

அறிகுறி: ஸ்டியரிங் தேடுகிறது, திருப்பியபின் தானாக நேருக்கு வரவில்லை

இது காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்ததன் தெளிவான அடையாளம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வு உதவுகிறது. ஜிம்னியில் அந்தச் சாய்வை முன் ஆக்ஸில் தாங்குகிறது. ஆர்ம், ஆக்ஸிலோடு இரண்டு இடத்தில் பிடித்திருப்பதால், ஆர்ம் எவ்வளவு சாய்கிறதோ ஆக்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவு திரும்பும்.

கணக்கு எளிது. லிஃப்ட் அளவை ஆர்மின் நீளத்தால் வகுத்து 57-ஆல் பெருக்குங்கள். ஆர்ம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லிஃப்டுக்குச் சுமார் 4 டிகிரி குறையும். உங்கள் ஆர்மை அளந்து கணக்குப் போடுங்கள். அப்புறம் அலைன்மென்ட் மெஷினில் காஸ்டர் அளவை அச்சடித்து வாங்குங்கள். பல இடங்களில் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு 'அலைன்மென்ட் ஓகே' என்று அனுப்பிவிடுவார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரிசெய்யச் சில வழிகள் உண்டு. துளை நடுவில் இல்லாமல் ஓரமாக வைத்த காஸ்டர் புஷ், கோணம் மாற்றிச் செய்த ஆர்ம், சேஸிஸ் பக்கத்தில் ஆர்மைக் கீழே இறக்கும் பிராக்கெட். புஷ்தான் மலிவு. ஆனால் அதைத் தலைகீழாக அழுத்திவிட்டால் காஸ்டர் இன்னும் குறையும். போடும் முன் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று நீங்களே நின்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. காஸ்டரைக் கூட்டினால் ஆக்ஸிலின் மேல்பாகம் பின்னால் சாயும், டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே போகும், முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுக்குக் கோணம் அதிகமாகும். அதனால் நேர் ஓட்டத்துக்குப் போதுமான அளவோடு நிறுத்திக்கொள்வதே சரி. முழுதாகப் பழைய அளவுக்கு இழுக்கத் துடிக்க வேண்டாம்.

சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்பது வேறு கோளாறு. லேட்டரல் ராடின் நீளம் மாறவில்லை, சாய்வு மட்டும் கூடிவிட்டது. அதனால் அது ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். அளக்கக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் வெளிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். இடது 22, வலது 10 என்றால் வித்தியாசம் 12. ஆக்ஸில் 6 மி.மீ. நகர்ந்திருக்கிறது. நீளம் கூட்டிக் குறைக்கும் லேட்டரல் ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் முதலில் பின் ஆக்ஸிலையும் அளங்கள். முன்னது ஒரு பக்கமும் பின்னது எதிர்ப்பக்கமும் நகர்ந்திருந்தால் வண்டி நண்டு மாதிரி சற்றே குறுக்காக ஓடும்.

ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு டிராக் லிங்க்கை (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) திருகி ஸ்டியரிங்கை நேராக்குங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றித் திருப்பி மாட்டும் குறுக்குவழி வேண்டாம். ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வண்டி நேராகப் போகும்போது அது திரும்பியிருப்பதாகச் சொன்னால் வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி குழம்பி, விளக்கு எரியும். சில சமயம் ஒரு சக்கரத்தில் தானாகப் பிரேக்கும் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஸ்கேனர் உள்ள இடத்தில் அந்தச் சென்சாரைப் பூஜ்யத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் தானே ஒரு பக்கம் வெட்டினால், வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து லேட்டரல் ராடையும் டிராக் லிங்க்கையும் பாருங்கள். இரண்டும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றின் பிராக்கெட்டை மட்டும் இறக்கியிருந்தால் இணை கெட்டிருக்கும்.

அறிகுறி: குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுதும் பயங்கரமாக ஆடுகிறது

70, 80 வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் சாலை ஒட்டுப்போட்ட இடத்தில் ஏறும். அடுத்த நொடி ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்கும். வேகம் குறையும் வரை நிற்காது. ஒரே துண்டு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் இது வரும். வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள். அன்று அந்த வண்டியை அதற்கு மேல் வேகமாக ஓட்டாதீர்கள்.

இதற்கு நிறையப் பேர் செய்யும் வைத்தியம் பெரிய ஸ்டியரிங் டேம்பர் போடுவது. நான் இதை உறுதியாக எதிர்க்கிறேன். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தைத் தொடாது. உள்ளே தேய்ந்துகொண்டிருப்பது மேலும் தேய்ந்து, ஒருநாள் டேம்பரையும் மீறி வரும். அன்று ஆட்டம் இன்னும் பெரிதாக இருக்கும்.

தேடும் வரிசை: டயர் பேலன்ஸும் காற்றும் முதலில். அடுத்தது லேட்டரல் ராடு. வண்டி தரையில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, இன்ஜின் ஓடுகிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று விடாமல் ஆட்டட்டும். நீங்கள் லேட்டரல் ராடின் முனையில், பிராக்கெட்டும் ராடும் சேரும் இடத்தில் விரல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். ராடு நகர்ந்து பிராக்கெட் நகராமல் இருந்தால் அங்கேதான் கோளாறு. போல்ட்டை இறுக்கியும் நிற்கவில்லையென்றால் கழற்றித் துளையைப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டோடு நாள்கணக்கில் ஓடிய பிராக்கெட்டின் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அதை இறுக்கி இறுக்கிப் பயனில்லை. வெல்டிங் தெரிந்தவரிடம் கனமான வாஷர் வைத்துத் துளையைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது கிங்பின் பேரிங், அதாவது முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சில் உள்ள பேரிங். முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். பிடித்தும் இருந்தால் கிங்பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள். கிங்பின்னில் ஆட்டமே தெரியாவிட்டாலும் அதன் இறுக்கம் குறைந்திருக்கலாம். டை ராடையும் ஆயில் சீலையும் கழற்றிவிட்டு, நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) தொங்கு தராசால் இழுத்து, நகர எத்தனை கிலோ விசை வேண்டியிருக்கிறது என்று பார்த்து, ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்றிச் சரிசெய்கிற வேலை அது. மேனுவலில் அளவு உண்டு. பெரிய டயர், வெளியே தள்ளிய ரிம் போட்ட வண்டிகளில் இந்தப் பேரிங் சீக்கிரம் தேயும்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முதலில் ஸ்பிரிங்கின் கீழ் முனை அதன் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைச் சுற்று தப்பி உட்கார்ந்தால் அதுவே 10 மி.மீ. சாய்க்கும். சில கிட்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் வேறு, மறுபக்கம் வேறு. மேலே ஒட்டிய எண்ணைப் படியுங்கள். புஷ்களைத் தரையில் வைத்து இறுக்கியாயிற்றா என்பதும் இங்கே கேள்விதான். இவையெல்லாம் சரியென்றால் இடது வலது ஸ்பிரிங்குகளை மாற்றிப் போடுங்கள். ஜிம்னியில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி. ஷாக்கைக் கழற்றி ஆக்ஸிலை இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், கம்ப்ரஸர் தேவைப்படாது. ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்வு பக்கம் மாறினால் ஸ்பிரிங். மாறாவிட்டால் வண்டியின் எடையோ சேஸிஸோ. ஐந்தாறு மி.மீ. வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன்.

அறிகுறி: டக் டக், லொட லொட, கீச்

குழியில் சக்கரம் கீழே இறங்கும்போது மட்டும் 'டக்' என்றால் ஷாக் நீளம் போதவில்லை. உயரமான ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கையே விட்டிருப்பார்கள். அது முழுதாக நீண்டு, கடைசியில் அடித்து நிற்கிறது. மேலே ஏறும்போது 'டக்' என்றால் எதிர்ப்பக்கம்: ஷாக் நீளம் அதிகம். பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே முட்டுகிறது. இது ஷாக்கை உடைத்துவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்ஸிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் முழுதும் அமுங்கும் வரை தூக்கிப் பாருங்கள். அப்போதும் ஷாக்கில் ஒரு விரல் அகலமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும்.

சிறு கற்கள் மேல் போகும்போது லொட லொட என்றால் ஷாக்கின் மேல் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு). லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போனால் விடை தெரிந்துவிடும்.

கீச் என்பது பாலியூரித்தேன் புஷ்ஷின் குரல். அதற்கென்று வரும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். மஞ்சள் கிரீஸை ரப்பர் புஷ்ஷில் தடவாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும். தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி நுண்மணலில் ஓட்டிவிட்டு வந்தால் கழுவித்தான் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

அறிகுறி: அலை போல ஆடிக்கொண்டே போகிறது

ஒரு மேட்டுக்குப் பின் ஒரு தடவைக்கு மேல் எழும்பினால் ஷாக் அடக்கவில்லை. நான்கில் எது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: பதினைந்து நிமிடம் மோசமான மண் ரோட்டில் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு ஷாக்கின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஷாக் ஆட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. வேலை செய்கிறது சூடாக இருக்கும், செத்தது குளிர்ந்திருக்கும். நேராகத் தொட வேண்டாம், கை சுடும். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

உடலில் லேசாக எண்ணெய்ப் படலம் தூசியோடு ஒட்டியிருப்பது சாதாரணம். சொட்டினால் மாற்ற வேண்டும். கழற்றிய கேஸ் ஷாக்கின் தண்டை உள்ளே தள்ளி விட்டால் தானே வெளியே வர வேண்டும். வராவிட்டால் கேஸ் போய்விட்டது. புத்தம் புது இரட்டைக் குழாய் ஷாக் முதல் நாளே சொதசொதவென்று இருந்தால் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். கிடங்கில் படுக்கவைத்திருந்ததால் காற்று எண்ணெய்ப் பக்கம் போயிருக்கும். கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து தடவை முழுதாக இழுத்து அமுக்கினால் சரியாகிவிடும்.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு

எந்த வகை அதிர்வு என்று முதலில் பிரியுங்கள். 195/80 ஆர்15 டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் பத்துச் சுற்று சுற்றும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்குக்கு மேல், விநாடிக்கு நாற்பதைத் தாண்டும். கையில் எண்ணிவிடலாம் போன்ற உதறல் என்றால் டயர், ரிம். ரீங்காரம் போல, சீட்டிலும் கியர் லீவரிலும் தெரியும் நுண்ணதிர்வு என்றால் ஷாஃப்ட். 2 எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) இல்லாமல் 4 எச்-இல் (நான்கும் இழுக்கும் நிலை) மட்டும் வந்தால் முன் ஷாஃப்ட். இதை மண் தரையில்தான் சோதிக்க வேண்டும். தார் ரோட்டில் 4 எச் போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் இறுகிக்கொள்ளும். ஷாஃப்டைக் கழற்றி மூட்டுகளைக் கையால் மடக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் மூட்டு போய்விட்டது. மூட்டு நன்றாக இருந்தால் இரண்டு முனைக் கோணங்களையும் ஒப்பிடுங்கள். மொபைலிலேயே கோணம் அளக்கும் வசதி இருக்கிறது.

அறிகுறி: பிரேக், ஏபிஎஸ் விளக்கு, டயர் உரசல்

இதை ஒத்திப்போடாதீர்கள். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பாருங்கள். எந்த நிலையிலும் விறைத்து நிற்கக் கூடாது. ஹோஸ் விறைத்தால் நீளமான ஹோஸ் போடும் வரை காட்டுப் பாதைக்குப் போக வேண்டாம். ஏபிஎஸ் விளக்கு ஒரு திருப்பத்தில் மட்டும் எரிந்து அணைந்தால் பெரும்பாலும் வயர் இழுபடுகிறது, கிளிப்பை இடம் மாற்றினால் போதும்.

டயர் உரசல் திருப்பும்போது என்றால் ஆர்மில் உரசுகிறது. சக்கரம் மேலே ஏறும்போது என்றால் ஃபெண்டரில். முதலாவதுக்கு ஸ்டியரிங் நிறுத்தும் போல்ட், இரண்டாவதுக்கு பம்ப் ஸ்டாப். பலர் நினைக்கிறபடி லிஃப்ட் கிட் டிஃபரன்ஷியலை உயர்த்துவதில்லை. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிளியரன்ஸ் ஆக்ஸிலுக்கு அடியில் அப்படியேதான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 215/75-க்குப் போனால் கிடைப்பது சுமார் 5 மி.மீ. இதை நம்பித்தான் கல் மேல் ஏற்ற வேண்டும்.

முன்பக்கம் உயர்ந்ததும் முகப்பு விளக்கும் மேலே பார்க்கும். எதிரே வருகிறவர் கண் கூசும், மட்டத்தை இறக்கிவையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டி மாற்றங்களைப் பற்றியது. செய்ய நினைப்பது அதற்குள் வருமா என்று ஆர்டிஓ அலுவலகத்திலும், காப்பீடு செல்லுமா என்று கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாமல் பட்டறைக்குப் போகிறீர்கள் என்றால், 'ஸ்டியரிங் ஆடுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகம், எந்தப் பக்கச் சக்கரம் குழியில் விழுந்தபோது, பிரேக் பிடித்தால் கூடுகிறதா குறைகிறதா, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, முதல் நாள் எடுத்த நான்கு அளவுகளோடு கொடுங்கள். புது ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் சில மி.மீ. இறங்கும். 500-இல் ஒரு தடவை, 1,000-இல் ஒரு தடவை மறுபடி அளந்து, மார்க்கர் கோடுகளையும் பார்த்துவிட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையது டாஷ்போர்டு டிராயரில், எடை மேடைச் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.